பாதை: குயின்ஸ்கிளிவ்விலிருந்து சொறெண்டோவுக்கு ஒரு நாள்

நோர்வேயில் வாழும் எமது பெரியப்பாவின் மகன் சென்ற வருடம் சில படங்கள் அனுப்பியிருந்தார். இருபுறமும் செங்குத்தான மலைகள், நடுவே கரும்பச்சை நிறக் கடல், அதிலே ஒரு சிறு கப்பல். கப்பலின் மேற்தட்டில் அண்ணரும் அண்ணியும் பிள்ளைகளும் நின்றார்கள். அந்த நாட்டவர் 'பியோர்ட்' என்று சொல்லும் கடற்பள்ளத்தாக்குகள் அவை. பனியாறுகள் மலையைக் குடைந்துபோன இடங்களில் கடல் புகுந்து உண்டானவை. கப்பல் காலையில் ஒரு சிற்றூரில் இறக்கிவிடுமாம். பகல் முழுவதும் கரையில் சுற்றிப் பார்த்துவிட்டு மாலையில் ஏறலாமாம்.

எமது பிள்ளைகள் இருவரும் படங்களை மாறி மாறிப் பார்த்தார்கள். "அப்பா, நாங்களும் இப்பிடிக் கப்பலில போவமோ?" என்று மகள் கேட்டாள். மனைவி ஒன்றும் பேசாமல் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார்.

நாங்கள் மெல்பேர்ணின் மேற்குப் பகுதியில், வெரிபீயில் வசிக்கிறோம். அவுஸ்திரேலியாவுக்கு வந்து பதின்மூன்று வருடங்களாகின்றன. பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போயிருக்கிறோம். மணலில் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம். படகு, கப்பல் எதிலும் ஏறியதில்லை. ஏறுவதில்லை என்று பேசி முடிவெடுத்ததுமில்லை. அது அப்படியே இருந்துவிட்டது.

மனைவி நெடுந்தீவைச் சேர்ந்தவர். 'குமுதினி' என்ற பெயரைக் கேட்டதும் தீவகத்தவர் எவருக்கும் விளக்கம் தேவைப்படாது. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட அந்தப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பெண்கள், குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். மனைவியின் பெரியம்மாவும் அவர்களில் ஒருவர். மனைவி பிறப்பதற்கு முன்னர் நடந்தது அது. ஆனாலும் வருடாவருடம் அந்த நாளில் வீட்டிலே விளக்கேற்றி வைத்ததைப் பார்த்தே அவர் வளர்ந்தார். பின்னர் அதே குமுதினியில் ஏறித்தான் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கும் போய் வந்தார். தீவிலிருந்து வெளியே போக வேறு வழி இருக்கவில்லை.

பிறகு 2012ஆம் ஆண்டு. எமக்குத் திருமணமாகி ஐந்து மாதம். ஒரு மீன்பிடி றோலரில் அறுபதுக்கு மேற்பட்டவர்களோடு பத்தொன்பது நாட்கள். கடைசி நாட்களில் தண்ணீரைப் போத்தல் மூடியால் அளந்து குடித்தோம். இரவில் அலை அடிக்கும்போது இருவர் கையையும் ஒரு சாரத் துண்டால் சேர்த்துக் கட்டிக்கொண்டு படுத்தோம். கிறிஸ்மஸ் தீவில் இறங்கினோம். அங்கிருந்து பெருநிலத்துக்கு விமானத்தில் கொண்டுவந்தார்கள். இதை வாசிப்பவர்களில் பலர் இதே வழியால் வந்தவர்கள். ஆகையால் மிச்சத்தை எழுத வேண்டியதில்லை.

இவ்வளவையும் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கவில்லை. இவ்வருடம் ஐந்தாம் வகுப்பில் படிக்கும் மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். 'எனது குடும்பம் அவுஸ்திரேலியாவுக்கு எப்படி வந்தது' என்று படமும் வரைந்து எழுதவேண்டும். மகன் அழகாக ஒரு விமானம் வரைந்திருந்தான். ஜன்னலிலே அம்மாவும் அப்பாவும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "நீங்கள்தானே பிளேனில வந்தது எண்டு சொன்னனீங்கள்?" என்றான். பொய்யென்று சொல்லமுடியாது. உண்மை என்றும் சொல்லமுடியாது. படகில் வந்தவர்களைப் பற்றி ரி.வி.யிலும் வேலைத்தலத்திலும் கேட்ட பேச்சுகள் பிள்ளையின் காதில் விழக்கூடாது என்பதற்காகச் சொன்ன பாதிக் கதை அது. நிரந்தர வீசாவும் இல்லாமல் இருந்த காலத்தில் அப்படிச் சொல்லிப் பழகிவிட்டோம். 2023இல் அரசு சட்டத்தை மாற்றியபின் எமக்கு அந்த வீசா கிடைத்தது. ஆனாலும் கதை மாறவில்லை.

வேலைத்தலத்தில் எம்மோடு பொதிகட்டும் பகுதியில் நிற்கும் வியட்நாமியப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெறும் வயது. அவரும் எண்பதுகளில் படகிலே தப்பி வந்தவர். வியட்நாமிலிருந்து முதற் படகு 1976 ஏப்ரலில் டார்வினுக்கு வந்ததென்றும், அதிலே ஐந்துபேர்தான் இருந்தார்கள் என்றும் அவர் சொல்லித்தான் எமக்குத் தெரியும். மகனின் படத்தைப் பற்றித் தேநீர் இடைவேளையில் அவரிடம் சொன்னோம். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "குயின்ஸ்கிளிவ் கப்பலில் கூட்டிக்கொண்டு போ. நானும் அங்கே வைத்துத்தான் என் பிள்ளைகளுக்குச் சொன்னேன்" என்றார்.

மனைவி உடனே சம்மதிக்கவில்லை. இரண்டு கிழமை கழித்து, "காரையும் ஏத்தலாம் எண்டால் சரி. எனக்கு ஏலாமல் போனால் வரேக்க றோட்டால வருவம்" என்றார். மெல்பேர்ண் நகரம் போர்ட் பிலிப் குடாவின் தலைப்பக்கத்தில் இருக்கிறது. குடா ஒரு வளையம் போன்றது. வாய்ப்பக்கத்தில் இரண்டு கரைகளும் கிட்ட வந்து நிற்கின்றன. மேற்குக் கரையில் குயின்ஸ்கிளிவ், கிழக்குக் கரையில் சொறெண்டோ. கப்பலில் நாற்பது நிமிடம். தரைவழியாகக் குடாவைச் சுற்றினால் மெல்பேர்ண் நகரம் வரை ஏறி இறங்கவேண்டும். அந்த நீண்ட றோட்டை மனதில் வைத்துக்கொண்டுதான் மனைவி புறப்பட்டார்.

மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பாணும் இடிச்ச சம்பலும், மீன் கட்லட், பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணீர். ஜீலோங் தாண்டி ஒன்பதரைக்குக் குயின்ஸ்கிளிவ் போய்ச் சேர்ந்தோம். இங்கே கருங்கல்லால் கட்டிய கறுப்பு வெளிச்சவீடு ஒன்று 1862ஆம் ஆண்டிலிருந்து நிற்கிறது. கீழே வெள்ளை நிறத்தில் இன்னொன்று. இரண்டும் ஒரே கோட்டில் தெரியும்படி கப்பலைத் திருப்பினால்தான் குடாவின் வாய்க்குள் பத்திரமாக வரலாம். அந்த வாயின் அகலம் மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. ஆனால் அடியில் பாறை, நடுவில் மட்டும் ஆழம். குடாவின் தண்ணீர் முழுவதும் அதனூடாகத்தான் ஏறி இறங்குகிறது. 'றிப்' என்று பெயர். எத்தனையோ கப்பல்கள் அங்கே உடைந்திருக்கின்றன. அதனால் வெளிநாட்டுக் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட்டுகள் 1839ஆம் ஆண்டிலிருந்து இக்குடாவில் வேலை செய்கிறார்கள். அவர்களின் படகுத்துறை குயின்ஸ்கிளிவ்வில் இருக்கிறது. எந்த நாட்டுக் கப்பலானாலும் அவர்களில் ஒருவர் கயிற்றேணியால் ஏறி வழிகாட்டி உள்ளே கொண்டுவருவார்.

பத்து மணிக்குக் கப்பல் வாயைத் திறந்தது. கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போயின. எண்பது கார்கள் வரை கொள்ளும் என்றார்கள். எமது சொந்த ஊர் காரைநகர். அங்கிருந்து ஊர்காவற்றுறைக்கு வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிச்செல்லும் மிதவையை நாங்கள் 'பாதை' என்போம். "பாதை வந்திட்டுதோ?" என்றுதான் துறையில் கேட்பது. அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். "ஷிப்புக்குப் பெயர் பாதையோ? பாதை எண்டால் றோட் எல்லோ?" என்று மகள் சிரித்தாள். "ஓம், கடலில போற றோட்" என்று மனைவிதான் பதில் சொன்னார். அன்று காலை அவர் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

காரை விட்டு மேலே ஏறினோம். உள்ளே கண்ணாடி போட்ட மண்டபம், கதிரைகள், தேநீர்க் கடை. மனைவி நடுவிலே, ஜன்னலுக்குத் தூரமாக ஒரு கதிரையில் இருந்துகொண்டார். இயந்திரம் அதிரத் தொடங்கியதும் கதிரையின் கைபிடியை இறுக்கிப் பிடித்தார். பிள்ளைகள் வெளித்தட்டுக்கு ஓடினார்கள். யாருடன் நிற்பதென்று எமக்குத் தெரியவில்லை.

கால்மணி நேரம் போயிருக்கும். மகன் ஓடிவந்து, "அம்மா, வெளியில வாங்கோ. கடல் வாய் தெரியுது" என்று கையைப் பிடித்து இழுத்தான். இழுத்தவன் அவரது முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டான். "அம்மாவுக்குப் பயமோ? ஏன்?" என்றான்.

மனைவி எம்மைப் பார்த்தார். பிறகு அவனைத் தன் பக்கத்தில் இருத்திச் சொன்னார். "ராசா, அம்மாவும் அப்பாவும் போட்டில வந்தனாங்கள். பிளேன் பிறகுதான்."

"இவ்வளவு பெரிய போட்டோ?"

"இல்லை. இந்த அறையில பாதி இருக்கும். அதில அறுபது பேர்."

எத்தனை நாள், எங்கே படுத்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், ஒருவரும் விழவில்லையா என்று கேட்டுக்கொண்டே போனான். மனைவி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். சாரத்துண்டால் கையைக் கட்டியதைச் சொன்னபோது அவன் தன் கையை அம்மாவின் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தான். "ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டான். அதற்கு எம்மிருவரிடமும் பதில் இருக்கவில்லை. சொறெண்டோத் துறை வந்துவிட்டது.

கரையில் இறங்கி நேரே பொயின்ற் நெப்பியன் தேசியப் பூங்காவுக்குப் போனோம். குடாவின் வாய்க்குக் கிழக்குக் கரையாக நீண்டிருக்கும் நிலமுனை அது. அங்கே புல்வெளி நடுவே பழைய சுண்ணாம்புக்கல் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. கப்பலில் நோயோடு வந்தவர்களை மறித்து வைத்த இடம். 1852 நவம்பரில் 'டிக்கொண்டறோகா' என்ற கப்பல் லிவர்பூலிலிருந்து ஏறக்குறைய 800 குடியேறிகளை ஏற்றிவந்தது. வழியிலே காய்ச்சல் பரவி நூறுபேர் வரை கடலிலேயே இறந்துபோனார்கள். இங்கே இறக்கப்பட்ட பின்னும் பலர் இறந்தார்கள். அவர்களில் நிறையப்பேர் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் இங்கே நிலையான தடுப்பு நிலையம் அமைந்தது. 1980ஆம் ஆண்டு வரை இயங்கியது.

பெட்டிகளை நீராவியால் சுத்தம் செய்த பெரிய இரும்பு அறைகளும், பயணிகளை மருந்துநீரில் குளிக்கவைத்த குளியலறைகளும் இன்றும் இருக்கின்றன. ரிக்கற்றின் வகுப்புப்படிதான் தங்குமிடமும் கிடைத்ததாம். முதலாம் வகுப்புக்கு ஒரு கட்டடம், மற்றவர்களுக்கு வேறு கட்டடங்கள். மனைவி அந்தக் குளியலறை வாசலில் கனநேரம் நின்றார். "எங்களுக்கும் வந்த உடன உடுப்பெல்லாம் மாத்தித் தந்தவை, என்ன?" என்றார். அவ்வளவுதான்.

1999ஆம் ஆண்டில் கொசோவோவில் போர் நடந்தபோது அவுஸ்திரேலியா சுமார் 4000 பேரைத் தற்காலிகமாக ஏற்றது. அவர்களில் சில நூறு பேரை இங்கேதான் தங்கவைத்தார்கள். தற்காலிக வீசா முடிய, பெரும்பாலானோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்தத் 'தற்காலிகம்' என்ற சொல்லோடு பத்து வருடம் வாழ்ந்தவர்களுக்கு அந்தப் புல்வெளியில் இருந்து சோறு சாப்பிடுவது இலேசல்ல. எம்மோடு வந்தவர்களில் இன்னும் முடிவு கிடைக்காமல் இருப்பவர்களையும் அங்கே நினைத்துக்கொண்டோம்.

பாணையும் சம்பலையும் பிரித்துக் கடலைப் பார்த்தபடி சாப்பிட்டோம். அந்த முனையின் வெளிப்பக்கத்திலே, செவியட் கடற்கரையில்தான் 1967 டிசம்பர் 17ஆம் திகதி நீந்தப்போன அந்நாட் பிரதமர் ஹரோல்ட் ஹோல்ட் காணாமற் போனார். அவருடைய உடல் கிடைக்கவேயில்லை. நாட்டின் பிரதமரையே கொண்டுபோன கடல் என்று சொன்னதும் மகள், "அப்ப அம்மா பயப்பிடுறது சரிதான்" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

பின்னேரம் சொறெண்டோவுக்குக் கிட்ட உள்ள சலிவன் குடாவுக்குப் போனோம். விக்டோரியா மாநிலத்தில் ஆங்கிலேயர் முதன்முதலாகக் குடியேற முயன்ற இடம். 1803 ஒக்டோபரில் டேவிட் கொலின்ஸ் என்பவர் 'கல்கத்தா', 'ஓஷன்' என்ற இரு கப்பல்களில் முன்னூறு வரையான கைதிகளையும், படையினரையும், சில குடும்பங்களையும் கொண்டுவந்து இறக்கினார். நல்ல தண்ணீர் கிடைக்கவில்லை. துளையிட்ட பீப்பாக்களை மணலுக்குள் புதைத்து ஊறும் தண்ணீரை எடுத்தார்கள். இதை வாசித்ததும் மனைவி, "பூவல்தானே இது! நாங்களும் இப்பிடித்தானே கிண்டினாங்கள்" என்றார். நெடுந்தீவில் தண்ணீருக்கு மணலைத் தோண்டியவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சில மாதங்களில் அவர்கள் இடத்தைக் கைவிட்டுத் தஸ்மானியாவுக்குப் போய் ஹோபாட் நகரை அமைத்தார்கள்.

ஆனால் அந்த நிலம் வெறும் நிலமாக இருக்கவில்லை. பூன்வுரங் மக்கள் ஆயிரமாயிரம் வருடங்களாக அங்கே வாழ்ந்தவர்கள். இந்தக் குடா முழுவதும் ஒரு காலத்தில் புல்வெளியாக இருந்ததென்றும், பின்னர் கடல் புகுந்து மூடியதென்றும் அவர்களின் மரபுக்கதை சொல்கிறது. கடைசிப் பனியூழி முடிந்து கடல் உயர்ந்தபோது அப்படித்தான் நடந்தது என்று நிலவியலாளரும் சொல்கிறார்கள். நோர்வேயின் பியோர்ட்டுகளுக்குள் கடல் புகுந்ததும் பனி உருகிய அக்காலத்தில்தான்.

அந்தக் கைதிகளில் ஒருவரான வில்லியம் பக்லி 1803 டிசம்பரில் தப்பியோடினார். குடாவைச் சுற்றி நடந்து, நாங்கள் காலையில் கப்பலேறிய மேற்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்தார். பசியால் விழுந்துகிடந்தவரை வாடாவுரங் மக்கள் கண்டெடுத்தார்கள். இறந்துபோன தங்கள் உறவினர் ஒருவர் திரும்பி வந்திருக்கிறார் என்று நம்பித் தம்மோடு சேர்த்துக்கொண்டார்கள். அவர்களோடு 32 வருடம் வாழ்ந்தார். 1835இல் மறுபடி ஆங்கிலேயரிடம் வந்தபோது தாய்மொழியே மறந்துபோயிருந்தது. ஒருவர் பாண் துண்டொன்றை நீட்டி அதன் பெயரைச் சொன்னபோதுதான் ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்ததாம்.

வீசா இழுபட்ட காலத்தில் வேலைத்தலத்தில் ஒருவர் எம்மிடம், "உனக்குப் பக்லியின் வாய்ப்புத்தான்" என்று சொன்னது ஞாபகம் வந்தது. 'நடக்கவே நடக்காது' என்பதற்கு இந்நாட்டவர் சொல்வது அது. இந்தப் பக்லியால் வந்த பேச்சென்று சிலரும், மெல்பேர்ணில் இருந்த ஒரு கடையின் பெயரால் வந்ததென்று வேறு சிலரும் சொல்வர். எது சரியோ, அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். நாங்களும்தான்.

நான்கரை மணியாகிவிட்டது. காரில் ஏறி இருந்தோம். "றோட்டால போவமோ?" என்று கேட்டோம். மனைவி சீற் பெல்ற்றைப் போட்டுக்கொண்டே, "ஏன்? ரிக்கற் ரண்டு பக்கத்துக்கும்தானே எடுத்தனீங்கள்" என்றார்.

இம்முறை அவர் வெளித்தட்டில் நின்றார். கம்பியைப் பிடித்தபடிதான் நின்றார், ஆனால் நின்றார். பாதித் தூரத்தில் திடீரென்று, "அங்கை ஓங்கில்! ஓங்கில்!" என்று கத்தினார். மூன்று நான்கு கரும்முதுகுகள் கப்பலுக்குப் பக்கத்தில் எழுந்து எழுந்து மறைந்தன. "ஓங்கில் எண்டால் என்னம்மா?" என்று இரு பிள்ளைகளும் கேட்டார்கள். டொல்பினுக்கு எங்கள் ஊர்ப் பெயர் அது. இக்குடாவில் வாழும் டொல்பின்கள் தனி இனம் என்று 2011இல் ஆய்வாளர்கள் அறிவித்து, இந்நாட்டுப் பழங்குடி மொழிச் சொல்லால் 'புருணன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் இனிமேல் அது ஓங்கில்தான். குமுதினிக்குப் பின்னாலும் ஓங்கில்கள் வருமாம். அதை மனைவி எம்மிடமும் அன்றுதான் முதன்முதலாகச் சொன்னார்.

போக விரும்பும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள். கப்பல் காலையிலிருந்து மாலைவரை மணிக்கொருமுறை இரு கரைகளிலுமிருந்து புறப்படுகிறது. கார் இல்லாமலும் ஏறலாம், செலவும் குறைவு. மைக்கி அட்டை இதற்குச் செல்லாது. காருடன் போவதானால், பாடசாலை விடுமுறை நாட்களில் முன்கூட்டியே பதிவது நல்லது. பொயின்ற் நெப்பியன் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. வெயில் நாளானாலும் கடலிலே காற்றுக் குளிரும், பிள்ளைகளுக்கு ஜக்கற் கொண்டுபோங்கள். சாப்பாடும் கட்டிக்கொண்டு போங்கள். கடைகளில் விலை அதிகம்.

மகன் அந்த வேலையைத் திருப்பி எழுதினான். விமானத்தை அழிக்கவில்லை. அதற்குக் கீழே நீலத்தில் கடலும், அதில் ஒரு சின்னப் படகும் வரைந்தான். எத்தனை பேர் வரையவேண்டும் என்று கேட்டான். அறுபது பேரை வரைய இடம் போதாது என்றோம். "பரவாயில்லை, சின்னனாக் கீறுறன்" என்று இரவு பத்துமணிவரை இருந்து கீறினான். இரண்டு பேரின் கைகளை மட்டும் ஒரு சிவப்புக் கோட்டால் சேர்த்திருந்தான்.